தண்ணி காட்டிய திருவிழா

'மயங்கி விழுந்தால் மட்டும் தண்ணீர் இலவசம்!'

இப்படி ஒரு போர்டை அங்கே யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால், போன பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெங்களூர் புறநகரில் நடந்த திறந்தவெளி ராக் இசை விழாவில், நானும் என் மாமாவும் அனுபவித்துத் தெரிந்துகொண்ட விதி அதுதான்.

விழாவின் பெயரையோ நடத்திய கம்பெனியின் பெயரையோ சொல்லப் போவதில்லை. பயம் ஒன்றும் இல்லை. பெயரைச் சொன்னால், 'அந்த ஒரு கம்பெனிதான் மோசம்போல' என்று நீங்கள் சமாதானமாகிவிடுவீர்கள். அது எனக்கு வேண்டாம்.

முதலில் மாமாவைப் பற்றி. அம்மாவின் தம்பி. வயது 63. கோவையில் ஒரு அரசு வங்கியில் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர். நெற்றியில் விபூதி, பையில் ஷுகர் மாத்திரை, காதில் டீப் பர்ப்பிள். எண்பதுகளின் ஆரம்பத்தில், ஊரில் மற்ற பையன்களெல்லாம் இளையராஜா பாட்டு லிஸ்ட்டோடு கேசட் ரெக்கார்டிங் கடைக்குப் போவார்கள். இவர் லெட் ஜெப்ளின் லிஸ்ட்டோடு போவார். (இளையராஜா கேசட்டும் வைத்திருந்தார். இரண்டையும் சண்டை மூட்டிவிடும் வேலையை அவர் செய்ததே இல்லை.) எனக்குப் பன்னிரண்டு வயதில் 'மெஷின் ஹெட்' ஆல்பத்தைப் போட்டுக் காட்டி, "இது 1972-ல வந்துதுடா. நான் அஞ்சாங்கிளாஸ் படிச்சப்போ" என்றார். அன்றைக்கு ஆரம்பித்தது என் வியாதி.

2003 ஏப்ரலில் ரோலிங் ஸ்டோன்ஸ், 2007 மார்ச்சில் அயர்ன் மெய்டன். இரண்டுக்கும் பெங்களூர் அரண்மனை மைதானத்துக்கு ராத்திரி பஸ் பிடித்துப் போய் நின்றவர்கள் நாங்கள். 2003-ல் மிக் ஜாக்கருக்கு 59 வயது. "இந்த வயசுல இந்த ஆட்டமா!" என்று வாயைப் பிளந்தேன். மாமாவுக்கு இப்போது அதைவிட நாலு வயது கூட. அவர் கேட்டது ஆட்டம்கூட இல்லை. தண்ணீர்.

கேட்டில் ஆரம்பித்தது கச்சேரி. மாமா கையில் ஒரு ஸ்டீல் ஃபிளாஸ்க், அதில் வெந்நீர். "மெட்டல் நாட் அலவ்டு, அங்கிள்!" (மெட்டல் கேட்க வந்த இடத்தில்!) சரி, என் பிளாஸ்டிக் பாட்டில்? "அதுவும் நாட் அலவ்டு." காலி பண்ணிவிட்டு வெறும் பாட்டிலாகக் கொண்டுபோகலாமா? "நோ சார்." மாரி பிஸ்கட்? "வெளிச் சாப்பாடு நாட் அலவ்டு." மாத்திரைகளை மட்டும், செல்போனில் இருந்த டாக்டர் சீட்டின் போட்டோவைப் பார்த்துவிட்டு, மனசே இல்லாமல் விட்டார்கள். அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமில்லை. காலையிலிருந்து வெயிலில் நிற்கிறவன். அவன் கையிலும் தண்ணி பாட்டில் இல்லை.

கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய டிரம். அதில் பறிமுதல் செய்த பாட்டில்கள். நூற்றுக்கணக்கில். பாதிக்கு மேல் மூடிகூடத் திறக்காதவை. வாசலில் கொட்டும் அதே தண்ணீரை உள்ளே விற்கிறார்கள்.

என்ன விலைக்கு? அங்கேதான் என் பி.காம். மூளை விழித்துக்கொண்டது.

உள்ளே காசு செல்லாது. கார்டு செல்லாது. யு.பி.ஐ-யும் நேரடியாகச் செல்லாது. கையில் ஒரு துணிப் பட்டையைக் கட்டிவிடுகிறார்கள். அதில் ஒரு சிப். ஒரு கவுன்ட்டரில் க்யூவில் நின்று அதில் பணம் ஏற்ற வேண்டும். வேறொரு கவுன்ட்டரில் க்யூவில் நின்று அதைச் செலவழிக்க வேண்டும். குறைந்தபட்சம் ஐந்நூறு ரூபாய் ஏற்ற வேண்டும். அதற்கு மேல் என்றாலும் ஐந்நூறு ஐந்நூறாகத்தான். ஒரு கப் தண்ணீர் 80 ரூபாய். ஆமாம், கப்! அரை லிட்டர் பாட்டிலை நம் கண் முன்னாலேயே திறந்து, பேப்பர் கப்பில் ஊற்றித் தருகிறார்கள். பாட்டிலைக் கேட்டால், "செக்யூரிட்டி ரீசன் சார்". இருக்கலாம். ஆனால், பாட்டிலில் எம்.ஆர்.பி. அச்சடித்திருக்கும். கப்பில் என்ன அச்சடித்திருக்கும்? பியர் கம்பெனியின் விளம்பரம்.

'ஏன் எம்.ஆர்.பி-க்கு மேல் விற்கிறாய்?' என்று கேட்க முடியாதா? முழுசாக முடியாது. ஹோட்டல்களும் ரெஸ்டாரன்ட்டுகளும் பாட்டில் தண்ணீரை எம்.ஆர்.பி-க்கு மேல் விற்கலாம் என்று 2017 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது. உட்கார வைத்து, மேஜை போட்டு, சேவையும் சேர்த்துத் தருகிறார்கள் என்பது காரணம். ஒப்புக்கொள்கிறேன். இங்கே எனக்குக் கிடைத்த சேவை, நாற்பது நிமிடம் வெயிலில் நிற்க வைத்தது. நடுவில் 'சர்வர் டவுன்' வேறு!

இப்போது பட்டைக் கணக்குக்கு வருவோம். மாமா வங்கிக்காரர், நான் காமர்ஸ். நின்ற நாற்பது நிமிடத்தில் இரண்டு பேரும் போட்ட கணக்கு இது. ஐந்நூறு ஏற்றுகிறீர்கள். 80, 80, 250 என்று செலவழிக்கிறீர்கள். 90 மிச்சம். அதில் ஒரு கப் தண்ணீர் வாங்கினால் 10 மிச்சம். பெரும்பாலும் ஏதோ ஒன்று மிஞ்சும். விலைகளை அப்படித்தான் வைக்கிறார்கள். ஒரு பேச்சுக்கு முப்பதாயிரம் பேர், ஆளுக்கு 150 ரூபாய் மிச்சம் என்று வையுங்கள். 45 லட்சம் ரூபாய். இது யாருடைய பணம்? கணக்குப் புத்தகத்தில் இது 'கடன்'. வாடிக்கையாளருக்குத் திருப்பித் தர வேண்டியது. ஆனால், அதைத் திருப்பி வாங்க ஒரு வெப்சைட்டுக்குப் போக வேண்டும், சில நாள் கெடுவுக்குள் பட்டை நம்பரை அடிக்க வேண்டும், ஒரு சர்வீஸ் சார்ஜைக் கழித்துக்கொள்வார்கள். பத்து ரூபாய்க்காக யார் இதையெல்லாம் செய்வார்? வாடிக்கையாளர் பயன்படுத்தாமல் விடும் தொகைக்குக் கணக்கியலில் 'பிரேக்கேஜ்' என்று பெயரே இருக்கிறது. கிஃப்ட் கார்டு விற்கும் கடைகள் அதை எப்படி வருமானத்தில் காட்டுவது என்பதற்கு இண்ட் ஏ.எஸ். 115 என்ற கணக்கியல் தரத்தில் வழிமுறையும் உண்டு. ஆக, நம் மறதிக்கும் சோம்பலுக்கும் லெட்ஜரில் தனி இடம் இருக்கிறது.

"நான் முப்பத்தஞ்சு வருஷம் டெபாசிட் வாங்கினேன்டா. ஒரு நாள் வெச்சிருந்தாலும் கணக்கு பாத்துக் குடுக்கணும். இவனுங்க லைசன்ஸ் இல்லாமலே பேங்க் நடத்துறானுங்க" என்றார் மாமா. அதுதான் அன்று அவர் தெம்பாகப் பேசிய கடைசி வாக்கியம்.

சாயங்காலம் நாலு மணி. இரண்டாவது மேடையில் ஷில்லாங் பக்கத்துப் பையன்கள் பிரமாதமாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். மாமா தலையை ஆட்டி ரசித்துக்கொண்டிருந்தவர், மெதுவாக என் தோளைப் பிடித்தார். "மாப்ளே, கண்ணு இருட்டுது."

உட்கார வைக்க இடமில்லை. அந்த மைதானத்தில் பொது டிக்கெட்காரர்களுக்கு ஒரு நாற்காலிகூடக் கிடையாது. நிழல் என்றால் பியர் ஸ்டாலின் நிழல். புல்லில் உட்கார வைத்தேன். அப்போது பக்கத்தில் நின்ற ஒரு பையன்... கறுப்பு டி-ஷர்ட், அதில் மண்டை ஓடுகள், கழுத்து வரை பச்சை. நம் வீட்டுக்குப் பெண் கேட்டு வந்தால் கதவைச் சாத்துவோம், அந்த மாதிரித் தோற்றம். சட்டென்று குனிந்து தன் கப்பை மாமா வாயில் வைத்தான். அவனுடைய நண்பர்கள் நாலைந்து பேர் கைகோத்துச் சுற்றி நின்று, யாரும் மிதித்துவிடாமல் ஒரு வளையம் போட்டார்கள். ஒரு பெண் தன் தொப்பியால் விசிறினாள். "அங்கிள், டோன்ட் வொர்ரி, ஈவினிங் ஷோ மிஸ் ஆகாது" என்றாள். ராக் ரசிகர்களைப் பற்றி வெளியில் இருக்கிற பயங்களெல்லாம் வீண். கூட்டம் எப்போதும் நல்ல கூட்டம்தான். கூட்டத்தை எண்ணிக் காசாக்குகிறவர்களிடம்தான் எனக்குச் சண்டை.

மாமாவைத் தாங்கிக்கொண்டு முதலுதவிக் கூடாரத்துக்குப் போனோம். நல்ல டாக்டர், இளம் பெண். பி.பி. பார்த்தார், ஷுகர் பார்த்தார், உப்பு-சர்க்கரைக் கரைசல் கொடுத்தார். அங்கே மூலையில் இருபது லிட்டர் கேன்கள் அடுக்கி வைத்திருந்தார்கள். வேண்டிய மட்டும் குடிக்கலாம். பட்டையைக் காட்ட வேண்டாம். காசு வேண்டாம். முதல் வரியில் நான் சொன்ன விதி பிறந்தது அங்கேதான்.

"தினம் எத்தனை பேர் வர்றாங்க டாக்டர்?" என்றேன். "நெறைய பேர் சார். எல்லாம் டீஹைட்ரேஷன்தான்" என்றார், அடுத்தவரைப் பார்த்துக்கொண்டே. அடுத்தவருக்கு வயது இருபதுகூட இருக்காது. ஆக, இது கிழவர்கள் பிரச்னை இல்லை. கிழவர்கள் முதலில் விழுகிறார்கள், அவ்வளவுதான்.

'நீ ரொம்ப ஊதுகிறாய், ஒரு கப் தண்ணிக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?' என்கிறீர்களா?

1999 ஜூலையில், அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் ரோம் என்ற ஊரில், மூடிக்கிடந்த விமானப்படைத் தளத்தில் உட்ஸ்டாக் பெயரில் ஒரு விழா நடத்தினார்கள். சுமார் இரண்டு லட்சம் பேர். கொதிக்கும் வெயில், காலுக்குக் கீழே தார்த்தளம். ஒரு பாட்டில் தண்ணீர் 4 டாலர். இலவசக் குழாய்களில் பெரிய க்யூ, கழிப்பறைகள் நாறின. வெயில் தாங்காமல் ஓர் இளைஞர் செத்தார். கடைசி ராத்திரி, அமைதிக்காக ஏற்றச் சொல்லிக் கொடுத்த மெழுகுவர்த்திகளாலேயே கூட்டம் மைதானத்தைக் கொளுத்தியது. விற்பனை வண்டிகளும் எரிந்தன. கொளுத்தினது தப்பு. பெண்களிடம் நடந்த அட்டூழியங்கள் அதைவிடப் பெரிய தப்பு. அவற்றுக்குத் தண்ணீர் விலை சாக்கு ஆகாது. ஆனால், மூன்று நாள் மனிதர்களை மாடு மாதிரி நடத்திவிட்டு, 'ஏன் முட்டுகிறது?' என்று கேட்கவும் முடியாது.

அது பழைய கதையா? 2023 நவம்பருக்கு வாருங்கள். பிரேசிலின் ரியோ நகரத்தில் டெய்லர் ஸ்விஃப்ட் கச்சேரி. ராக் இல்லை, பாப். வெயிலுக்கு அந்த வித்தியாசம் தெரியுமா? அனல் அலை வீசிக்கொண்டிருந்த நாளில், வெளியிலிருந்து தண்ணீர் கொண்டுவர முடியவில்லை என்று ரசிகர்கள் குமுறினார்கள். 23 வயதுப் பெண் ஒருத்தி மயங்கி விழுந்து இறந்துபோனாள். பிரேசில் அரசு மறுநாளே அறிவித்தது: இனி இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளில் ரசிகர்கள் சொந்தத் தண்ணீர் பாட்டில் கொண்டுவரலாம், வெப்பமான நாட்களில் நடத்துகிறவர்கள் இலவசமாகக் குடிநீர் தர வேண்டும் என்று. ஒரே நாளில் முடிகிற வேலை. அதற்கு ஓர் உயிர் தேவைப்பட்டது.

நம் ஊரில் உயிர் போனாலும் உத்தரவு வருவதில்லை. 2024 அக்டோபர் 6, சென்னை மெரினா, விமான சாகச நிகழ்ச்சி. டிக்கெட் இல்லாத நிகழ்ச்சிதான். லட்சக்கணக்கானவர்கள் உச்சி வெயிலில் மணலில் நின்றார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். தண்ணீர் கிடைக்கவில்லை என்று மக்கள் டி.வி. மைக்குகளில் கதறினார்கள். யார் மேல் தப்பு என்று இரண்டு நாள் அறிக்கைப் போர். பிறகு? தீபாவளி வந்துவிட்டது.

நடத்துகிறவர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். பாட்டில் என்பது மேடை மேல் பறக்கும் ஆயுதம். அதற்கு உலகம் முழுக்கச் சாட்சி உண்டு. வெளிநாட்டுக் குழுக்களுக்கு டாலரில் அள்ளிக் கொட்ட வேண்டும். போலீஸ், தீயணைப்பு, எக்சைஸ், மாநகராட்சி என்று ஒவ்வொரு வாசலிலும் ஏறி இறங்க வேண்டும். டிக்கெட் பணத்தில் 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. போய்விடும். மழை வந்தால் போண்டி. எல்லாம் நிஜம். இந்தத் தொழிலில் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் அநேகம். அதற்காகப் பியர் விலையை ஏற்றுங்கள். டி-ஷர்ட்டை இரண்டாயிரத்துக்கு விற்றுக்கொள்ளுங்கள். நானே வாங்கினேன். (ஒரு முறை துவைத்ததில் சுருங்கிவிட்டது. அது வேறு கட்டுரை.) பியர் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வழி உண்டு. தண்ணீர் வேண்டாம் என்று சொல்ல வழி இருக்கிறதா?

பாட்டில் பயம் என்றால் குழாய் வையுங்களேன்! இங்கிலாந்தில் கிளாஸ்டன்பரி விழாவை ஒரு பால் பண்ணைக்காரர் தன் நிலத்தில் 1970-ல் ஆரம்பித்தார். முதல் வருட டிக்கெட் ஒரு பவுண்டு, அதோடு பண்ணைப் பால் இலவசம். இன்று அது ஒரு சின்ன நகரம் அளவுக்குக் கூட்டம் கூடும் விழா. அங்கே சாப்பாட்டை வீட்டிலிருந்து கட்டிக்கொண்டே போகலாம். 2019-லிருந்து பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீர் விற்பதையே நிறுத்திவிட்டார்கள். மைதானம் முழுக்கக் குழாய்கள். சொந்த பாட்டிலில் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். அதனால் அந்த விழா திவாலாகிவிடவில்லை.

அவ்வளவு தூரம் எதற்கு? சித்திரைத் திருவிழாவுக்கு மதுரைக்குப் போய்ப் பாருங்கள். தெருவுக்குத் தெரு தண்ணீர்ப் பந்தல், நீர்மோர், பானகம். யாரோ ஒரு பலசரக்குக் கடைக்காரர், தன் செலவில் தானே டம்ளரில் ஊற்றி நீட்டுவார். கோயில் கூட்டத்தில் எல்லாம் ஒழுங்கு என்று நான் சொல்ல மாட்டேன். 2022-ல் கள்ளழகர் ஆற்றில் இறங்கியபோது நெரிசலில் இரண்டு பேர் இறந்தார்கள். ஆனால், தாகத்தை வைத்து வியாபாரம் பண்ண அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்தது வேலி. மேடைக்கு முன்னால் ஒரு தடுப்பு, அதற்குள் பல மடங்கு விலை கொடுத்தவர்கள். அதற்குப் பின்னால் இன்னொரு தடுப்பு, அடுத்த விலைக்காரர்கள். கடைசியில் நாங்கள். ராத்திரி முக்கியக் குழு மேடை ஏறியபோது, முதல் அடைப்பில் பாதி காலி. ஆட்கள் உள்ளே சோபாவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் அடைப்பில் கையைத் தூக்கினால் இறக்க இடமில்லை. தடுப்பே கூடாது என்று சொல்லவில்லை. டென்மார்க்கின் ராஸ்கில்டே விழாவில் 2000 ஜூனில் பேர்ல் ஜாம் வாசித்தபோது, முன்வரிசை நெரிசலில் ஒன்பது பேர் மூச்சுத் திணறி இறந்தார்கள். அதற்குப் பிறகு அங்கே மேடை முன்புறத்தைச் சின்னச் சின்ன அடைப்புகளாகப் பிரித்து, அளவோடு ஆட்களை விடுகிறார்கள். அந்த வேலி உயிருக்காக. எங்கள் ஊர் வேலி பர்ஸுக்காக. 2023 செப்டம்பரில் சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்த ஏ.ஆர். ரஹ்மான் கச்சேரியை மறந்திருக்க மாட்டீர்கள். டிக்கெட் கையில் இருந்தும் உள்ளே போக முடியாமல் எத்தனை குடும்பங்கள் ரோட்டில் நின்றன! அவராவது, உள்ளே வர முடியாதவர்கள் டிக்கெட் நகலை அனுப்புங்கள் என்று பொதுவில் சொன்னார்.

ஒரு நண்பரிடம் இதையெல்லாம் புலம்பினேன். "இந்த வயசுல உங்களுக்கு ஏன் சார் இந்த வேலை? வீட்ல ஸ்பீக்கர் போட்டுக் கேக்க வேண்டியதுதானே?" என்றார். இந்தக் கேள்விதான் எனக்குத் தண்ணீர் விலையைவிட எரிச்சல். மேடையில் எழுபது வயதுக்காரர் குதித்தால் 'லெஜண்ட்' என்று கும்பிடுகிறோம். அவரை ஐம்பது வருடமாகக் காசு கொடுத்து வாழவைத்தவன் கீழே நின்றால் 'அங்கிளுக்கு ஏன் இந்த ஆசை'யா? 2016-ல் கலிஃபோர்னியாவில் 'டெசர்ட் ட்ரிப்' என்று ஒரு விழா. டிலன், மெக்கார்ட்னி, ஸ்டோன்ஸ், நீல் யங், தி ஹூ, ரோஜர் வாட்டர்ஸ். எல்லாரும் எழுபதைத் தாண்டியவர்கள், அல்லது எட்டிப்பிடித்தவர்கள். ரசிகர்களிலும் நரைத்த தலை நிறைய. அங்கே என்ன செய்தார்கள் தெரியுமா? எண் போட்ட நாற்காலி டிக்கெட் விற்றார்கள். அதற்கும் காசுதான். கொடுக்க மாட்டோம் என்று மாமாவும் நானும் சொன்னோமா?

2023 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் ஒரு வழக்கில், 'வெளிச் சாப்பாடு கூடாது என்று சொல்ல தியேட்டருக்கு உரிமை உண்டு. ஆனால், சுத்தமான குடிநீர் இலவசமாகக் கிடைக்க வேண்டும்' என்றது. கூரையும் ஏ.சி-யும் உள்ள தியேட்டரில், மூன்று மணி நேரம் குஷன் சீட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கே இந்தப் பாதுகாப்பு. பத்து மணி நேரம் வெயிலில் நிற்பவனுக்குக் கிடையாதா? ஒவ்வொரு விழாவுக்கும் அனுமதிக் கடிதம் கொடுக்கிறதே போலீஸ், அதில் எத்தனையோ நிபந்தனைகள். ராத்திரி பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்து என்கிறார்கள். டாண் என்று நிறுத்துகிறார்கள். அதே தாளில், 'இத்தனை பேருக்கு ஒரு குடிநீர்க் குழாய், நுழைவாயிலில் பாட்டிலைப் பிடுங்கக் கூடாது, மீதிப் பணத்தைக் கேட்காமலே கணக்கில் திருப்ப வேண்டும்' என்று மூன்று வரி டைப் அடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

மாமா அன்று தேறிவிட்டார். டாக்டரம்மா போகச் சொல்லியும் போகாமல், கூடாரத்து நாற்காலியிலேயே உட்கார்ந்து முக்கியக் குழுவின் கச்சேரியைக் கடைசி வரை கேட்டார். மேடை தெரியாது, ஸ்பீக்கர் மட்டும் நன்றாகக் கேட்டது. "இந்த ஒரு இடத்துலதான்டா சவுண்ட் மிக்ஸிங் சரியா இருந்தது" என்றார்.

என் பட்டையில் 260 ரூபாய் மிச்சம். வெப்சைட்டில் நம்பரை அடித்தேன். சர்வீஸ் சார்ஜ் 100 போக, 160 வரும் என்று மெயில் வந்தது. ஏழு வேலை நாட்களாம். இன்னும் வேலை நாள் முடியவில்லை போலிருக்கிறது.

போன வாரம் மாமா போன் செய்தார். அடுத்த வருட டிக்கெட் விற்க ஆரம்பித்துவிட்டார்களாம், முதலில் வாங்கினால் கொஞ்சம் மலிவாம்.

"ரெண்டு போட்ருடா மாப்ளே. பட்டையில மட்டும் ஐந்நூறுக்கு மேல ஏத்தாதே."